எடிட்டர் பிளகின்: ‘இன்ஸ்டால்’ அழுத்திய பிறகு என்ன ஆகிறது?

புரோகிராமிங் எடிட்டருக்குப் பிளகின் (புதிய வசதி சேர்க்கும் துணை நிரல்) எழுதுகிறவர்களும், அதை வகுப்பில் நிறுவித் தரப் பாடுபடுகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பெரும்பாலானவை மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ் கோட் எடிட்டர் பற்றியவை; அதில் பிளகினை ‘எக்ஸ்டென்ஷன்’ என்பார்கள். நியோவிம் என்ற எடிட்டருக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சி மொழி படிப்பவர்களுக்காக விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷன் ஒன்று எழுதியிருக்கிறேன். கம்பைலர் தரும் பிழைச் செய்தியைத் தமிழில் விளக்கும். என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. ஜூனியர்களிடம் கொடுத்தால், “இன்ஸ்டால் ஆயிடுச்சுண்ணா, ஆனா ஒண்ணும் நடக்கல” என்கிறார்கள். எங்கே தப்பு?
— பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: இன்ஸ்டாலில் தப்பில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் உங்கள் எக்ஸ்டென்ஷன் வந்துவிடுகிறது. அது நம்பியிருக்கும் ஜிசிசி கம்பைலர் (சி கோடைக் கணினி இயக்கும் புரோகிராமாக மாற்றும் கருவி) வருவதில்லை. உங்கள் லேப்டாப்பில் ஜிசிசி முன்பே இருந்தது, புரோகிராம்களைத் தேட விண்டோஸ் பார்க்கும் ‘பாத்’ பட்டியலில் அதன் ஃபோல்டரும் இருந்தது. ஜூனியர்களிடம் இந்த இரண்டில் ஏதோ ஒன்று இல்லை. எக்ஸ்டென்ஷன் கம்பைலரைக் கூப்பிடுகிறது. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று, எக்ஸ்டென்ஷனை ஓட்டும் நோட் ஜேஎஸ் ‘ஈநோஎன்ட்’ பிழையைத் திருப்புகிறது. உங்கள் கோடு அதை டெவலப்பர் கன்சோலில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறது. அப்படி ஒரு கன்சோல் இருப்பதே முதலாண்டு மாணவருக்குத் தெரியாது.

ஆகவே எக்ஸ்டென்ஷன் விழித்ததும் முதலில் கம்பைலரைத் தேட வேண்டும். பயனர் செட்டிங்ஸில் இடத்தைச் சொல்லியிருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் பாத். அதிலும் கிடைக்கவில்லையென்றால், விண்டோஸில் ஜிசிசி வழக்கமாக ஒளிந்திருக்கும் இடங்கள் சில உண்டு: சி டிரைவில் ‘எம்எஸ்ஒய்எஸ்64’ ஃபோல்டருக்குள் ‘யுசிஆர்டி64’, அதற்குள் ‘பின்’, ‘மிங்டபிள்யூ’ அல்லது ‘மிங்டபிள்யூ64’ ஃபோல்டர், புரோகிராம் ஃபைல்ஸில் கோட்பிளாக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மிங்டபிள்யூ, டெவ் சி++ ஃபோல்டருக்குள் இருப்பது. கல்லூரிக் கணினிகளில் கடைசி இரண்டும் அடிக்கடி அகப்படும். மாணவருக்கே தெரியாமல் கம்பைலர் அங்கே இருக்கும். டர்போ சி இருந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள். அது டாஸ் காலத்து 16 பிட் கம்பைலர், உங்களுக்கு உதவாது.

எங்குமே இல்லையென்றால் வாய்திறந்து சொல்லுங்கள். “பிழை ஏற்பட்டது” என்றால் யாருக்கும் பயனில்லை. “ஜிசிசி கம்பைலர் இந்தக் கணினியில் கிடைக்கவில்லை. அது இல்லாமல் பிழை விளக்கம் வராது” என்று எழுதி, கீழே மூன்று பட்டன் வையுங்கள்: ‘நிறுவும் வழி’, ‘இருக்குமிடத்தைக் காட்டுகிறேன்’, ‘பிறகு’. இரண்டாவதை அழுத்தினால் கோப்பு தேர்வுப் பெட்டி திறந்து, தேர்ந்தெடுத்த இடம் செட்டிங்ஸில் தானாகப் பதிவாக வேண்டும். செட்டிங்ஸ் ஜேசான் கோப்பை மாணவரே திறந்து திருத்தட்டும் என்று விட்டால், பின்சாய்கோடு ஒன்றை இரட்டிக்க மறந்து அங்கேயே மாட்டிக்கொள்வார். இந்த அறிவிப்பை ஒருமுறை காட்டினால் போதும். ஒவ்வொரு முறை கோப்பைச் சேமிக்கும்போதும் எட்டிப் பார்த்தால் எக்ஸ்டென்ஷனையே நீக்கிவிடுவார்கள். அதன் பிறகு கீழே ஸ்டேட்டஸ் பாரில் ‘ஜிசிசி இல்லை’ என்று ஒரு சிறு குறி நிலையாக இருக்கட்டும். அதைத் தொட்டால் மறுபடி அதே அறிவிப்பு வரட்டும்.

இன்னொன்று. ஜிசிசியை நிறுவி, பாத்தில் சேர்த்த பிறகும் “இன்னும் இல்லைன்னுதான் சொல்லுது” என்பார்கள். ஒரு புரோகிராம் தொடங்கும் நொடியில்தான் பாத்தின் நகலை எடுத்துக்கொள்கிறது. பிறகு நீங்கள் மாற்றியது அதற்குத் தெரியாது. விஎஸ் கோடின் எல்லா விண்டோக்களும் ஒரே தாய் புரோகிராமின் கீழ் ஓடுவதால், ஒன்றை மட்டும் மூடித் திறப்பதாலோ ‘ரீலோட் விண்டோ’ கொடுப்பதாலோ பயனில்லை. எல்லா விண்டோவையும் மூடிவிட்டு, ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறக்க வேண்டும். முன்பே திறந்து வைத்திருந்த கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து திறந்தால் பழைய பாத்தே வந்து சேரும். இந்த விவரத்தை உங்கள் அறிவிப்பிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

கேள்வி: பைத்தான் இருக்கிறதா என்று என் எக்ஸ்டென்ஷன் சரிபார்க்கிறது. ‘இருக்கிறது’ என்று பச்சைக் குறியும் காட்டுகிறது. ஆனால் சில விண்டோஸ் கணினிகளில் ரன் கொடுத்தால் ஓடுவதில்லை. ஏன்?
— மென்பொருள் பயிற்சியாளர், கோயம்புத்தூர்

பதில்: ‘பைத்தான்’ என்ற பெயரில் கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பைத்தானே நிறுவாத கணினியில்கூட அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். பயனர் ஃபோல்டருக்குள் ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்ற இடத்தில், பூஜ்யம் பைட் அளவில் உட்கார்ந்திருக்கும். வெறுமனே அதை இயக்கினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். கூடவே ஏதாவது கொடுத்து இயக்கினால் ‘பைத்தான் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும்.

எனவே கோப்பைப் பார்க்காதீர்கள், இயக்கிப் பாருங்கள். பதிப்பு எண்ணைக் கேட்டு இயக்குங்கள். புரோகிராம் முடியும்போது தரும் எண் பூஜ்யமாக இருந்து, வெளியீட்டில் ‘பைத்தான் 3’ என்று தொடங்கும் வரியும் இருந்தால் மட்டும் பச்சைக் குறி. இந்தச் சோதனைக்கு 5 வினாடி வரம்பு வையுங்கள். பழைய கணினியில் முதல் இயக்கம் மெதுவாகத்தான் வரும். விண்டோஸில் ‘பை’ என்ற லாஞ்சரையும் கேட்டுப் பாருங்கள். பைத்தானின் வழக்கமான விண்டோஸ் இன்ஸ்டாலரில் ‘பாத்தில் சேர்’ என்ற கட்டம் தானாக டிக் ஆகியிருக்காது. அதைக் கவனிக்காமல் நிறுவியவர்களிடமும் இந்த லாஞ்சர் பெரும்பாலும் வேலை செய்யும்.

கேள்வி: விண்டோஸ் பயனர் பெயரில் இடைவெளி இருந்தால் என் எக்ஸ்டென்ஷன் முறிகிறது. ஒருவர் பெயரைத் தமிழிலேயே வைத்திருந்தார். அங்கே வேறு விதமாக முறிந்தது.
— வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய். பயனர் பெயர் ‘லேப் 2’ என்று வைத்துக்கொள்வோம். கம்பைலரின் பாதையையும் கோப்பின் பாதையையும் ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) ஒட்டி, கட்டளைகளை இயக்கும் ஷெல்லிடம் கொடுத்தால், அது இடைவெளியில் வெட்டி, ‘யூசர்ஸ்\லேப்’ என்று ஒரு புரோகிராமைத் தேடும். மேற்கோள் குறி போட்டு ஒப்பேற்றுவதைவிட, சரமாக ஒட்டுவதையே விட்டுவிடுங்கள். நோட் ஜேஎஸ்ஸின் ‘ஸ்பான்’ அல்லது ‘எக்ஸெக்ஃபைல்’ மூலம் புரோகிராமின் பெயரைத் தனியாகவும், அதற்குக் கொடுக்கவேண்டியவற்றைப் பட்டியலாகவும் அனுப்பினால் இடைவெளி தொல்லை தராது. ஒரு விதிவிலக்கு: விண்டோஸில் ‘.சிஎம்டி’, ‘.பேட்’ என்று முடியும் கட்டளைக் கோப்புகளை இப்படி நேராக இயக்க முடியாது. 2024 ஏப்ரலில் நோட் ஜேஎஸ்ஸில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, ஷெல் வழியாக என்று வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் அது மறுத்துவிடும். நோட் ஜேஎஸ்ஸின் தொகுப்பு நிறுவியான என்பிஎம் மூலம் நிறுவும் கருவிகள் விண்டோஸில் இந்த ‘.சிஎம்டி’ வடிவில்தான் வருகின்றன. கூடுமானால் அதன் உள்ளே இருக்கும் ஜேஎஸ் கோப்பை நோட் மூலமே இயக்குங்கள்.

தமிழ்ப் பெயர் விஷயம் வேறு. விண்டோஸில் தமிழுக்கென்று பழைய ‘ஆன்சி’ குறியீட்டுப் பக்கம் (எழுத்துகளுக்கான எண் அட்டவணை) கிடையாது, யூனிகோடு மட்டும்தான். பழைய முறையில் எழுதப்பட்ட கருவி, பாதையில் தமிழ் எழுத்தைக் கண்டால் அதைக் கேள்விக்குறியாக மாற்றி, அந்தப் பெயரில் கோப்பைத் தேடித் தோற்கும். கருவியை நீங்கள் திருத்த முடியாது, பாதையைத் தவிர்க்கலாம். பலர் தற்காலிகக் கோப்புகளை ‘டெம்ப்’ ஃபோல்டரில் எழுதுகிறார்கள். விண்டோஸில் அது பயனர் பெயருக்குள்ளேயேதான் இருக்கிறது! பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருப்பதைக் கண்டால், சி டிரைவின் அடியில் ஆங்கிலப் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அங்கே வேலை செய்யும்படி பயனரைக் கேளுங்கள், காரணத்தையும் சொல்லி.

கேள்வி: எங்கள் பள்ளி ஆய்வகத்தில் 40 கணினிகள். இணையம் கிடையாது. ஒரு எக்ஸ்டென்ஷனை எல்லாவற்றிலும் எப்படி ஏற்றுவது?
— கணினி ஆசிரியை, விருதுநகர்

பதில்: இணையம் உள்ள ஒரு கணினியில் விஎஸ் கோடின் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து, விஎஸ்ஐஎக்ஸ் கோப்பாக (எக்ஸ்டென்ஷனை அடக்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் எடுத்துப்போய், ஆய்வகக் கணினியில் எக்ஸ்டென்ஷன் பட்டியலின் மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் ‘இன்ஸ்டால் ஃப்ரம் விஎஸ்ஐஎக்ஸ்’ கொடுங்கள்.

மாட்டும் இடங்கள் மூன்று. ஒன்று, அந்த எக்ஸ்டென்ஷன் வேறொன்றைச் சார்ந்திருந்தால் அது இந்தக் கோப்புக்குள் இருக்காது; அதையும் தனியாக இறக்கி, முதலில் நிறுவ வேண்டும். ‘பேக்’ என்ற பெயரில் வரும் தொகுப்புகளில் வெறும் பட்டியல்தான் இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. இரண்டு, சில எக்ஸ்டென்ஷன்கள் இயங்குதளத்துக்கு ஒன்றாக வெளியாகின்றன. உங்கள் லேப்டாப் மேக் என்றால் அங்கே இறக்கிய கோப்பு விண்டோஸுக்கு உதவாமல் போகலாம். மூன்றுதான் பெரும் தலைவலி: பழைய கணினி. விண்டோஸ் 7-க்கு விஎஸ் கோடின் கடைசிப் பதிப்பு 1.70, 32 பிட் விண்டோஸுக்கு 1.83. அதற்கு மேற்பட்ட பதிப்பைக் கேட்கும் எக்ஸ்டென்ஷன் அங்கே ஏறாது, பொருந்தவில்லை என்று சொல்லிவிடும். அப்படியானால் அந்த எக்ஸ்டென்ஷனின் பழைய பதிப்பைத் தேட வேண்டியதுதான்.

நாற்பதிலும் உட்கார்ந்து மெனுவைச் சொடுக்க வேண்டாம். விஎஸ் கோடின் இன்ஸ்டாலரை விட்டுவிட்டு ஜிப் பதிப்பை எடுங்கள். விரித்து, உள்ளே ஆங்கிலத்தில் ‘டேட்டா’ என்று ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். இனி எக்ஸ்டென்ஷனும் செட்டிங்ஸும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே சேரும். ஒரு கணினியில் எல்லாம் சரிசெய்து, முழு ஃபோல்டரையும் மற்ற 39-க்கும் நகலெடுத்தால் வேலை முடிந்தது. இதில் இன்னொரு நன்மை உண்டு. வழக்கமான முறையில் எக்ஸ்டென்ஷன்கள் விண்டோஸ் பயனர் கணக்குக்குள் போய் உட்காரும்; அட்மின் கணக்கில் நீங்கள் நிறுவியது மாணவர் கணக்கில் தெரியாது. ஜிப் பதிப்பில் அந்தக் குழப்பம் இல்லை. மாணவர் கணக்குக்கு அந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி மட்டும் இருக்க வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு வேண்டுகோள். புதிய எக்ஸ்டென்ஷனுக்கான வார்ப்பை உருவாக்கும் கருவி, தேவையான விஎஸ் கோட் பதிப்பாக அன்றைய புதிய எண்ணைப் போட்டுவிடுகிறது. நீங்கள் உண்மையில் எந்தப் பதிப்பின் வசதிகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்த்து, எக்ஸ்டென்ஷனின் விவரக் கோப்பான பேக்கேஜ் ஜேசானில் அந்த எண்ணைக் குறையுங்கள். விஎஸ் கோடின் டைப் வரையறைத் தொகுப்பின் பதிப்பையும் கூடவே குறைக்காவிட்டால் பேக்கேஜ் கட்டும்போது மறுத்துவிடும்.

கேள்வி: கம்பைலரையும் எக்ஸ்டென்ஷனே தானாக இறக்கி நிறுவிவிட்டால் எல்லாத் தொல்லையும் தீருமே?
— மேற்படி திருச்சி மாணவரின் நண்பர்

பதில்: கருவியைப் பொறுத்தது. ரஸ்ட் மொழிக்கான ரஸ்ட் அனலைசர் தன் சர்வரை, அதாவது பின்னணியில் கோடை ஆராயும் புரோகிராமை, ஒவ்வொரு இயங்குதளத்துக்குமான தொகுப்பிலேயே வைத்து அனுப்புகிறது. ரெட்ஹாட்டின் ஜாவா எக்ஸ்டென்ஷன் தன் சர்வர் ஓடுவதற்கான ஜாவாவையும் உடன் கொண்டுவருகிறது. சி, சி++ மொழிகளுக்கான கிளாங்டி எக்ஸ்டென்ஷன், பாத்தில் கருவி இல்லையென்றால் “இறக்கட்டுமா?” என்று கேட்கிறது, கோ மொழி எக்ஸ்டென்ஷனும் தேவையான கருவிகளை நிறுவ இதேபோல் கேட்கிறது. இவற்றில் எதுவுமே, பயனரிடம் கேட்காமல் பெரிய கம்பைலரை இழுத்துப் போடுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் கருத்து: சில பத்து எம்பிக்குள் அடங்கி, ஒரே கோப்பாக ஓடும் கருவி என்றால் உடன் அனுப்புங்கள். ஜிசிசி போல விரித்தால் நூற்றுக்கணக்கான எம்பி ஆகும் தொகுப்பு என்றால் வழிகாட்டுவதோடு நில்லுங்கள். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் படிக்கும் மாணவரின் அன்றைய டேட்டாவைக் கேட்காமல் கரைப்பது நியாயமில்லை.

இறக்கத்தான் வேண்டும் என்றால்: அளவைச் சொல்லி அனுமதி கேளுங்கள். எக்ஸ்டென்ஷனுக்கென்று விஎஸ் கோட் ஒதுக்கும் பொதுச் சேமிப்பு ஃபோல்டரில் வையுங்கள். எக்ஸ்டென்ஷனின் சொந்த ஃபோல்டரில் வைத்தால் அடுத்த பதிப்பு வரும்போது அது புது ஃபோல்டருக்குப் போய்விடும், மறுபடி இறக்க நேரும். முதலில் தற்காலிகப் பெயரில் இறக்கி, கோப்பு முழுமையானதா என்று காட்டும் ஷா 256 எண் ஒத்துப்போனால் மட்டும் சரியான பெயருக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் பாதியில் அறுந்த கோப்பை ‘நிறுவியாயிற்று’ என்று எண்ணி, மறுநாள் புரியாத பிழையோடு விழும். லினக்ஸிலும் மேக்கிலும் இயக்க அனுமதியைச் சேர்க்க மறக்காதீர்கள்.

கேள்வி: ரீட்மீயில் எல்லாம் விளக்கமாக எழுதியிருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. தமிழில் எழுதினால் படிப்பார்களா?
— சுயதொழில் புரோகிராமர், யாழ்ப்பாணம்

பதில்: ரீட்மீ, நிறுவலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவும் பக்கம். நிறுவிய பிறகு அதற்கு யாரும் திரும்புவதில்லை. அதில் முதல் திரையில் மூன்று விஷயம் போதும்: என்ன செய்யும், ஓடுகிறபோது எப்படி இருக்கும் என்று ஒரு படம், வேறென்ன நிறுவியிருக்க வேண்டும். படத்தை எஸ்விஜியாக வைத்தால் பேக்கேஜ் கட்டும் கருவி ஏற்காது. பிஎன்ஜி அல்லது ஜிஃப் வையுங்கள். சோர்ஸ் கோடை இறக்கி என்பிஎம் இன்ஸ்டால் கொடுக்கும் வழியெல்லாம் பங்களிப்போருக்கான தனிக் கோப்புக்குப் போகட்டும். அதைப் பார்த்துத் தானும் செய்யவேண்டும் என்று நினைத்து ஓடிப்போனவர்கள் உண்டு.

நிறுவும் படிகளை ‘வாக்த்ரூ’ என்ற படிப்படியான வழிகாட்டிப் பக்கத்தில் வையுங்கள். பேக்கேஜ் ஜேசானில் அறிவித்தால், எக்ஸ்டென்ஷன் நிறுவப்பட்டதும் தானாகவே திறக்கும். நான்கு படிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு படியிலும் ஒரு பட்டன். குறிப்பிட்ட கமாண்ட் ஓடினாலோ செட்டிங் மாறினாலோ அந்தப் படி தானாக டிக் ஆகும்படி செய்ய முடியும். ‘கம்பைலரைச் சோதி’ என்பது முதல் படியாக இருக்கட்டும். கடைசிப் படியில் ஒரு மாதிரி புரோகிராம் திறந்து ஓடட்டும்.

தமிழைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் உண்டு. மொழிபெயர்ப்புக் கோப்பில் தமிழைத் தனியாக வைத்தால், விஎஸ் கோடின் காட்சி மொழியே தமிழாக இருக்கிறவருக்குத்தான் அது தெரியும். நம்மவர்கள் அநேகமாக ஆங்கில இடைமுகத்தையே வைத்திருக்கிறார்கள். உங்கள் பயனர்கள் எல்லோரும் தமிழ் மாணவர்கள் என்றால், அடிப்படைக் கோப்பிலேயே தமிழில் எழுதிவிடுங்கள். கமாண்ட் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கமாண்ட் பேலட்டில் தேடும்போது விசைப்பலகையை மாற்றவேண்டி வந்தால் யாரும் தேடமாட்டார்கள்.

கேள்வி: வெளியிடுவதற்கு முன் புதியவர் கண்ணோடு சோதிப்பது எப்படி? எஃப்5 அழுத்தினால் எல்லாம் சரியாகவே ஓடுகிறது.
— எக்ஸ்டென்ஷன் எழுதத் தொடங்கியிருப்பவர், சென்னை

பதில்: எஃப்5 உங்கள் சோர்ஸ் ஃபோல்டரை நேராக ஓட்டுகிறது. பயனருக்குப் போவது விஎஸ்ஐஎக்ஸ். இரண்டுக்கும் இடையில்தான் கோப்புகள் தொலைகின்றன: விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியலில் ‘நோட் மாட்யூல்ஸ்’ ஃபோல்டரை (பிறர் எழுதிய துணைக் கோடு இருக்கும் இடம்) சேர்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டாமல் விட்டால், பயனரிடம் ‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று விழும். கட்டுவதற்கு முன் பேக்கேஜ் கட்டும் விஎஸ்சிஇ கருவியிடம் கோப்புப் பட்டியலைக் கேட்டு ஒருமுறை கண்ணால் பாருங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தையும் பாருங்கள். விண்டோஸ் மன்னிக்கும், லினக்ஸ் மன்னிக்காது.

பிறகு விஎஸ்ஐஎக்ஸைக் கட்டி, காலியான எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரும் காலியான பயனர் ஃபோல்டரும் கொடுத்துத் திறந்த விஎஸ் கோடில் நிறுவுங்கள். அதற்கும் மேலே போக விரும்பினால் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புத்தம்புதிய விண்டோஸ், பைத்தானும் இல்லை, ஜிசிசியும் இல்லை. விண்டோஸ் ஹோம் பதிப்பில் இது கிடைக்காது. அங்கே புதிய பயனர் கணக்கு ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முதலாண்டு மாணவரை உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் பேசாமல் இருங்கள். அவர் எங்கே மவுஸை நிறுத்தி யோசிக்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே எக்ஸ்டென்ஷன் ஒரு ஃபோல்டரில் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை.
— வாசகர், சேலம்

பதில்: அந்த ஃபோல்டரைத் திறந்தபோது ‘நம்புகிறேன்’ என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். கீழே இடது மூலையில் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ என்று இருக்கிறதா பாருங்கள். எழுதுகிறவர்களுக்கு: நம்பாத ஃபோல்டரிலும் பாதுகாப்பாகச் செய்யக்கூடியவை எவை என்று பேக்கேஜ் ஜேசானில் அறிவிக்கலாம். அறிவிக்காவிட்டால் எக்ஸ்டென்ஷன் மொத்தமாக முடக்கப்படும்.

கேள்வி: நியோவிம் பிளகின் எழுதுகிறேன். நிறுவும் பகுதியில் ஆறு பிளகின் மேனேஜருக்கும் தனித்தனியாக வழி எழுதியும் “எதைச் செய்வது?” என்று கேட்கிறார்கள்.
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஆறு வழி கொடுத்ததால்தான் கேட்கிறார்கள். பலர் பயன்படுத்தும் ஒன்றை மட்டும் மேலே வைத்து, மற்றவற்றை உதவிக் கோப்புக்கு அனுப்புங்கள். மேனேஜரே இல்லாதவருக்கும் வழி உண்டு: ‘பேக்’ ஃபோல்டருக்குள் ஏதாவது ஒரு பெயர், அதற்குள் ‘ஸ்டார்ட்’, அதற்குள் பிளகினை கிட் மூலம் இறக்கினால் போதும். விம் 8 வெளியான 2016-லிருந்தே இருக்கும் வசதி இது. விண்டோஸில் ஃபோல்டர் இருக்குமிடம் வேறு என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

‘செட்டப்’ ஃபங்ஷனைக் கூப்பிட்டால்தான் பிளகின் வேலை செய்யும் என்று வைக்காதீர்கள். எதுவும் எழுதாதவருக்கும் அடிப்படை வசதி ஓட வேண்டும், மாற்ற விரும்புகிறவர் மட்டும் செட்டப்பை எழுதட்டும். கூடவே ‘ஹெல்த்’ என்ற லுவா மொழிக் கோப்பைச் சேருங்கள். பயனர் ‘செக்ஹெல்த்’ என்று உங்கள் பிளகின் பெயரோடு தட்டினால், எந்தக் கருவி இருக்கிறது, எது இல்லை, இல்லாததை எப்படி நிறுவுவது என்று வரிவரியாகக் காட்டும். உதவி கேட்டு எழுதுகிறவரிடம் அந்த வெளியீட்டை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். பாதிக் கடிதங்கள் வராமலே நின்றுவிடும்.

கேள்வி: விஎஸ்கோடியம் பயன்படுத்துகிறேன். நண்பர் எழுதிய எக்ஸ்டென்ஷன் தேடினால் வரவில்லை.
— கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: விஎஸ்கோடியம் (விஎஸ் கோடின் திறமூலக் கோடிலிருந்து கட்டப்படும் பதிப்பு) தேடுவது எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் தளத்தில், மைக்ரோசாஃப்ட்டின் மார்க்கெட்பிளேஸில் அல்ல. நண்பரை அங்கேயும் வெளியிடச் சொல்லுங்கள். கட்டி வைத்த அதே விஎஸ்ஐஎக்ஸ் போதும், அந்தத் தளத்தில் ஒரு கணக்கும் டோக்கனும் வேண்டும். அதுவரை விஎஸ்ஐஎக்ஸ் கோப்பை அவரிடமே வாங்கி, மூன்று புள்ளி மெனு வழியாக நிறுவிக்கொள்ளலாம்.